பஞ்சாயத்து பண்ண ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

சேலத்து வியாபாரிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் தொழில். தகராறு தீர்க்கும் வினைச்சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம், அண்ணா. எடை குறைவு என்று வெளியூர் வியாபாரி பணத்தை நிறுத்திவிட்டார். "வீ வில் ஆர்பிட்ரேட் வித் யூ" என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

அனுப்பாதீங்க தம்பி. நீங்களும் அவரும் நேராகப் பேசி முடிப்பது நெகோஷியேட். ஆர்பிட்ரேட் என்றால் மூன்றாவது ஆள் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார், இருவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். 1996-ம் ஆண்டின் சட்டப்படி, நடுவர் தரும் தீர்ப்பைக் கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். விவகாரத்தை நடுவரிடம் கொண்டு போகிறீர்கள் என்று நினைத்து, மெயிலைப் பார்த்ததும் அவர் வக்கீலைத் தேடிப் போவார். "வீ வுட் லைக் டு நெகோஷியேட்" என்று மாற்றுங்கள். பழகிய ஆள் என்றால் "லெட் அஸ் டாக் திஸ் ஓவர்" இன்னும் இதமாக இருக்கும்.

சட்டக் கல்லூரி மாணவி நான். மீடியேட், ஆர்பிட்ரேட் இரண்டுமே பஞ்சாயத்துதானே சார்?

குழப்பமே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது அம்மா. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் சமாதானமும் பேசுவார், கடைசியில் "இதுதான் முடிவு" என்றும் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் இது இரண்டு வேலை. மீடியேட் செய்பவர் நடுவில் உட்கார்ந்து பேச வைப்பார், அவ்வளவுதான். முடிவு சண்டைக்காரர்கள் கையில். கோர்ட் சமரச மையத்தில் நடப்பது இதுதான். ஒத்து வராவிட்டால் வழக்கு மறுபடி நீதிபதியிடமே போகும்.

ஏற்காட்டில் காபித் தோட்ட எல்லைக்காக அண்ணன் தம்பி மல்லுக்கு நிற்கிறார்கள் என்று வையுங்கள். மாமா இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேச விட்டால் "ஹீ மீடியேட்டட் பிட்வீன் தெம்". பிட்வீனை விட்டுவிடாதீர்கள். "ஓடைக்கு மேற்கே உனக்கு, கிழக்கே அவனுக்கு" என்று மாமாவே பிரித்துச் சொல்லி, அதை மீறக் கூடாது என்று முன்பே இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் அங்கே ஆர்பிட்ரேட்டட்.

எஸ்டேட் ஆபீஸில் வேலை. ரிகன்சைல் கணக்குச் சொல்லா, சண்டைச் சொல்லா?

இரண்டும்தான். பாஸ்புக்கையும் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பதும் ரிகன்சைல், முறைத்துக்கொண்ட உறவுகள் ஒட்டிக்கொள்வதும் ரிகன்சைல். பின்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனிக்க வேண்டும். "ரிகன்சைல்ட் வித் ஹிஸ் பிரதர்" என்றால் தம்பியோடு ராசியாகிவிட்டார். "ரிகன்சைல்ட் டு தி லாஸ்" என்றால் நட்டத்தை வேறு வழியில்லை என்று ஏற்றுக்கொண்டார்.

செட்டில், ரிசால்வ்?

பணம் கொடுத்து வழக்கை முடித்தாலே செட்டில். மனக்கசப்பும் தீர்ந்தால்தான் ரிசால்வ் என்பேன். "செட்டில் ஃபார்" வேறு: கேட்டது கிடைக்காமல், கிடைத்ததை வாங்கிக்கொள்வது.

அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வேலை விண்ணப்பத்தில் "டூ வொர்க்கர்ஸ் ஃபாட், ஐ காம்ப்ரமைஸ்ட் தெம்" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

நம் பேச்சில் "அவங்களை காம்ப்ரமைஸ் பண்ணி விட்டேன்" என்பது நல்ல காரியம். ஆங்கிலத்திலோ, அவர்கள் பெயரைக் கெடுத்தீர்கள், ஆபத்தில் மாட்டிவிட்டீர்கள் என்று பொருள். விட்டுக்கொடுத்து ராசியாகிறவர்கள் சண்டை போட்டவர்கள்தான்: "தே காம்ப்ரமைஸ்ட்". உங்கள் பங்கைச் சொல்ல "ஐ ஹெல்ப்ட் தெம் ரீச் எ காம்ப்ரமைஸ்" என்று எழுதுங்கள். விண்ணப்பம் இன்னும் கையில் இருந்தால், அந்த வரியை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.