டாக்டரின் கண்ணீர் யாருக்கு?

கேள்வி: தப்பு செய்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் புழுங்கும் டாக்டர்களை நாவல்களில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. 'மனசாட்சியோடு போராடினார்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் செய்ததெல்லாம் சரியாகிவிடுமா? இலக்கியம் என்ற பெயரில் இவர்களுக்கு வெள்ளையடிக்கிறீர்கள் என்பது என் குற்றச்சாட்டு. நல்லவரா கெட்டவரா என்று நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

பதில்: குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். இந்த மேஜைக்கு வரும் டாக்டர் கதைகளில் பெரும்பாலானவை நீங்கள் சொல்லும் ரகம்தான். நோயாளி இரண்டாம் பக்கத்தில் செத்துப்போகிறார், பல சமயம் பெயர்கூடக் கிடையாது. மிச்சப் பக்கங்கள் முழுக்க டாக்டர் ஜன்னலோரம் நிற்கிறார், வெளியே தவறாமல் மழை பெய்கிறது. செத்தவரின் வீட்டில் என்ன ஆயிற்று என்று எழுதியவருக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் அக்கறையில்லை. அந்த வேதனை முழுக்கத் தன்னைப் பற்றியது. அதை வெள்ளையடிப்பு என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட வரமாட்டேன்.

மிச்சப் பாதிக்கு வருகிறேன். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'ஆறாவது வார்டு' கதை 1892இல் வந்தது. அதில் வரும் டாக்டர் ரேகின் கெட்டவர் இல்லை; நிறையப் படிக்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தன் ஆஸ்பத்திரி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மொத்த ஆஸ்பத்திரிக்கும் அறுவைக் கத்தி இரண்டு, தெர்மாமீட்டர் ஒன்றுகூடக் கிடையாது, குளியல் தொட்டிகளில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் மாடாய் உழைக்கிறார். பிறகு சலித்துப்போகிறது. சாயங்காலமானால் புத்தகம், பக்கத்தில் வோட்கா, ஓர் உப்பு வெள்ளரிக்காய். இந்த அநியாயத்தில் தான் ஒரு துளிதான், குற்றம் காலத்தினுடையது, இருநூறு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் தானும் வேறு மாதிரி இருந்திருப்பேன் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

கவனியுங்கள், இவருக்கு மனசாட்சி இல்லாமலில்லை. வேண்டிய அளவு இருக்கிறது. அதைத் தத்துவம் பேசியே தூங்கவைத்துவிட்டார். மனநோயாளிகள் வார்டில் அடைபட்டுக் கிடக்கும் க்ரோமவிடம் போய், வேதனை என்பது வெறும் எண்ணம், கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வித்தியாசமே இல்லை என்கிறார். க்ரோமவ் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: உங்களை யாராவது அடித்திருக்கிறார்களா? கடைசியில் ஊரார் சேர்ந்து ரேகினையே அந்த வார்டுக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். காவலாளி நிகீத்தாவின் முஷ்டி முகத்தில் இறங்குகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக இந்த மனிதர்கள் நாள்தோறும் பட்ட வலி இதுதான், இது தனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. மறுநாள் பக்கவாதம் வந்து செத்துப்போகிறார்.

இதில் வெள்ளையடிப்பு எங்கே இருக்கிறது? செகாவ் திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை என்பது உண்மை. திட்டியிருந்தால் நீங்களும் நானும் 'சரியான ஆள்' என்று தலையாட்டிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்போம். எழுதியவரும் டாக்டர்தான். 1890இல் சகாலின் தீவுக்குப் போய்க் கைதிகளின் நிலையைப் பார்த்துவிட்டு வந்தவர். இந்தக் கதை வந்த அதே 1892இல், தான் குடியிருந்த மெலிகவோ பக்கத்துக் கிராமங்களில் சம்பளம் வாங்காமல் காலரா தடுப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்துவிடும் டாக்டரைப் பற்றி எழுத அவருக்கு இருந்த தகுதி எத்தனை பேருக்கு இருக்கும்?

நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கு இதைவிடச் சிக்கலான ஓர் ஆள் இருக்கிறார். ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் 1871-72இல் எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட 'மிடில்மார்ச்' நாவலில் வரும் டாக்டர் லிட்கேட். கெட்டிக்காரர், புதிய மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர், கழுத்துவரை கடன். வீட்டுச் சாமான்கள் ஜப்திக்கு வந்துவிட்ட நேரத்தில் பாங்கர் புல்ஸ்ட்ரோட் ஆயிரம் பவுண்டு கொடுக்கிறார். அப்போது புல்ஸ்ட்ரோடின் பொறுப்பில் ராஃபிள்ஸ் என்ற குடிகாரன் குடியால் நோயாய்ப் படுத்திருக்கிறான். புல்ஸ்ட்ரோடின் பழைய அழுக்கை வைத்து மிரட்டிப் பணம் பறிப்பவன். சாராயம் ஒரு சொட்டும் கூடாது, அபின் கொஞ்சமாகத்தான், இந்த அளவோடு நிறுத்திவிட வேண்டும் என்பது லிட்கேட் சொன்ன மருத்துவம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியிடம் புல்ஸ்ட்ரோட் சொல்லவில்லை. அவள் பிராந்தி கேட்டபோது அது இருக்கும் இடத்தின் சாவியையும் கொடுத்துவிடுகிறார்.

மறுநாள் காலை லிட்கேட் வரும்போது கடைசி மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறது. அவருக்கு நெருடுகிறது. ஒரு கேள்வி கேட்கிறார், மழுப்பலாகப் பதில் வருகிறது. அதற்குமேல் அந்த வேலைக்காரியைக் கூப்பிட்டுத் தோண்டித் துருவவில்லை.

ஏன் கேட்கவில்லை? இங்கேதான் எலியட்டின் கை தெரிகிறது. அந்த நோய்க்குச் சாராயமும் தாராளமான அபினும் கொடுப்பதுதான் அன்றைய டாக்டர்களின் வழக்கம். லிட்கேட் சொன்னது புது முறை, இன்னும் ஊர்ஜிதமாகாதது. நான் சொன்னபடி நடந்திருந்தாலும் அவன் செத்திருக்கலாமே, ஊரே செய்கிற வைத்தியத்தைக் கொலை என்று நான் எப்படிச் சொல்வது? இது பொய்ச் சாக்கு இல்லை. மருத்துவத்தில் நிச்சயமின்மை உண்மையாகவே உண்டு. ஆனால் அந்த ஆயிரம் பவுண்டு சட்டைப்பையில் இல்லாதிருந்தால், இதே லிட்கேட் இதே நிச்சயமின்மையோடு வீட்டையே இரண்டாக்கியிருப்பார். அதுவும் அவருக்கே தெரியும். நேர்மையான சந்தேகம் எங்கே முடிகிறது, வாங்கிய பணம் எங்கே பேச ஆரம்பிக்கிறது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டாக்டரை வைத்து எழுதுவதற்கு இந்த இடம்தான் தோதானது. வக்கீலோ வியாபாரியோ தப்பு செய்தால் பெரும்பாலும் கணக்கு வழக்கு இருக்கும். நோயாளி இறந்தால் 'எப்படியும் இறந்திருப்பார்' என்ற ஒரு வாக்கியம் டாக்டருக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது. பல தடவை அது உண்மையாகவும் இருக்கிறது. இந்த வாக்கியத்தை எப்போது மருத்துவராகச் சொல்கிறார், எப்போது பயந்த மனிதராகச் சொல்கிறார் என்று பார்க்கத் தெரிந்தவர் நாவலாசிரியர். தண்டனையா விடுதலையா என்று சொல்ல கோர்ட்டும் மருத்துவக் கவுன்சிலும் இருக்கின்றன. அந்த வேலையை நாவலின் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

'நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே' என்று கேட்ட உங்களுக்குத் தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதனம்' என்ற வங்காள நாவலைச் சிபாரிசு செய்கிறேன். த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. அதில் வரும் ஜீவன் மஷாய் நாடி பிடித்துப் பார்த்து, இனிப் பிழைக்கமாட்டார் என்று சொல்லிவிடும் பழைய வைத்தியர். பெற்ற மகனின் நாடியிலேயே சாவைப் படித்தவர். அலோபதி படித்த இளம் டாக்டர் பிரத்யோத்துக்கு இது கொடூரமாகப் படுகிறது. ஆள் உயிரோடு இருக்கும்போது எப்படித் தீர்ப்பு சொல்லலாம் என்று கொதிக்கிறார். இருவருமே நோயாளியின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள், இருவர் கையிலும் அழுக்கில்லை. முதல் தடவை படித்தபோது நான் பிரத்யோத் கட்சி. இப்போது எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. படித்துவிட்டு நீங்கள் யார் பக்கம் என்று எழுதுங்கள், இதே பகுதியில் போடுகிறேன்.