நிலவியலாளர்களுடன் மலை ஏறியிருக்கிறீர்களா? சாதாரண மலையேற்றத்திலிருந்து அது எப்படி வேறுபடும்?

ஏறியிருக்கிறேன், ஒரே ஒரு தடவை, அதுவும் ஸ்வால்பார்டில். உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் ஜியாலஜிக்காரர்களோடு மட்டும் கிளம்பிவிடாதீர்கள். ஐந்து நாளில் நாங்கள் ஒரு உச்சியைக்கூடத் தொடவில்லை.

நார்வேயின் வடமுனைக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. ஆஸ்லோவில் நான் வேலை பார்த்தபோது என் அறைத்தோழன் நிலவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஜூலையில் அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் போகிறார்கள் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன். (ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்று எங்கேயோ படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு: உண்மைதான், ஆனால் விமானம் நார்வே வழியாகப் போகிறது, ஸ்வால்பார்டோ ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா பகுதிக்கு வெளியே இருக்கிறது, அதனால் திரும்பி உள்ளே வர ஒரு முறைக்கு மேல் நுழைய முடிகிற விசா கையில் இருக்க வேண்டும்.)

ஊர் எல்லை தாண்டினால் பனிக்கரடி பயம். கரடியை விரட்ட ஏதாவது இல்லாமல் போகக்கூடாது என்பது சட்டம், துப்பாக்கியும் எடுத்துப் போகச் சொல்கிறார்கள். சிறுநீர் கழிக்க ஒதுங்கினால்கூட ஒருவன் துப்பாக்கியோடு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். முதல் நாள் எனக்குச் சிறுநீர் வரவே வரவில்லை, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

முதல் நடை, ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனுக்குப் பின்னால் இருக்கும் பனியாற்றின் ஓரம், அது தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய கற்குவியல்மேல். அரை மணி நேரத்தில் போய்விடலாம் போலத் தெரிந்தது. மரமோ வீடோ இல்லாத இடத்தில், காற்றும் அவ்வளவு தெளிவாக இருந்தால், கண்ணுக்குத் தூரம் பிடிபடுவதே இல்லை. இரண்டரை மணி நேரம் ஆனது. அதில் பாதி இவர்கள் நின்ற நேரம். ஒருவன் கல்லை உடைப்பான், ஒருத்தி லென்ஸை கண்ணில் வைத்துப் பார்ப்பாள், இன்னொருவன் ஒரு துண்டைப் பல்லில் கடித்துப் பார்த்து "நறநறக்கிறது, வண்டல்தான், களிமண் இல்லை" என்பான். சத்தியமாகக் கடிக்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் நாலு பேரும் காலடியைத்தான் பார்த்தார்கள்.

அங்கேதான் தோழன் ஒரு மணற்கல் பலகையைப் பிளந்து என் கையில் கொடுத்தான். உள்ளே ஒரு இலை, நரம்பு நரம்பாக. 5, 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்திருக்கிறது. அந்தச் சதுப்புக் காடுகள்தான் நிலக்கரியாகி, அதைத் தோண்ட 1906ல் இந்த ஊரே உருவானது (அங்கிருந்த கடைசி நார்வே சுரங்கம் 2025ல் மூடப்பட்டது). நிலப்பரப்பு அதற்கப்புறம்தான் வடக்கே வந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லையாம், அப்போதே அது ரொம்ப வடக்கில்தான் இருந்தது. வெயிலே இல்லாத மாதங்களை இலையை உதிர்த்துவிட்டுக் கடந்த மரங்கள் அவை. இன்றைக்கு அங்கே இருக்கும் வில்லோச் செடி கணுக்கால் உயரம்கூட இல்லை.

இவர்கள் ஏன் இங்கே வரத் துடிக்கிறார்கள் என்பது மெதுவாகத்தான் புரிந்தது. காடு மூடவில்லை, மண்ணும் மெலிசு, எனவே பாறை எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்பது ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் ஒடுங்கிய கடல்) அக்கரையிலிருந்தே தெரிகிறது. வேறு ஊர்களில் இதையே ரோடு போட வெட்டிய இடத்திலும் கல் குவாரியிலும் தேடி அலைய வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் அடுக்குகள் படுக்கையாக இருக்கின்றன, அதனால்தான் உச்சி தட்டையாக இருக்கிறது. மேற்குக் கடற்கரைக்குப் போனால் அடுக்குகள் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு காலத்தில் கிரீன்லாந்து பக்கத்தில் உரசி நகர்ந்தபோது நெருக்கியதன் விளைவு. விரித்த பாயின் ஓரத்தைத் தள்ளினால் ஓரம் மட்டும் எழும்பி நிற்கும் இல்லையா, அப்படி.

அதைப் பார்க்கத்தான் படகு பிடித்து மேற்குக் கரையிலுள்ள ஃபெஸ்ட்னிங்கன் போனோம். அடுக்குகள் நிமிர்ந்து நிற்பதால் மலை ஏறவே வேண்டாம், கரையோரமாகக் கிழக்கே நடந்தால் போதும், 30 கோடி ஆண்டுப் பாறையில் தொடங்கிச் சில கிலோமீட்டரில் ஏறக்குறைய 6 கோடிக்கு வந்துவிடலாம். 1960ல் ஒரு நிலவியல் மாநாட்டுக்காரர்கள் இங்கே சுற்றிப் பார்க்க வந்து டைனோசர் காலடித் தடங்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அதைத்தான் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்களோ நடுவில் ஒரு இடத்தில் பையை இறக்கிவிட்டார்கள். ஒரு பக்கம் சிப்பிகள் அடைத்துக்கொண்டு கிடக்கும் கெட்டியான பாறை, மறுபக்கம் விரலால் உதிர்க்கக்கூடிய கறுத்த களிப்பாறை, அதில் சிப்பியே இல்லை. "இப்ப ஒரு எட்டு வச்சியே," என்றான் தோழன், "அதுக்குள்ள கடல்ல இருந்த உயிர்கள்ல பெரும்பாலானது அழிஞ்சு போச்சு." 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு. நான் திரும்பி வந்து இன்னொரு தரம் மெதுவாகக் கடந்து பார்த்தேன். அவர்கள் அங்கேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், சூரியன் மறையாத ஊரில் "இருட்டப் போகிறது, கிளம்பலாம்" என்றும் சொல்ல முடியாது. கடைசியில் படகுக்காரர்தான் காப்பாற்றினார். டைனோசர் தடத்தைப் பார்க்காமலே திரும்பினோம், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஃபெஸ்ட்னிங்கன் பாதுகாக்கப்பட்ட இடம், கல் எதையும் எடுக்கக்கூடாது. பனியாற்று இலைக் கல் மட்டும் ஊருக்கு வந்தது. போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருந்தாள். நல்ல வேளை, இலை போகவில்லை.