துபாய்க்குப் போன லார்ட்ஸ்

அன்புள்ள சார்,

கிரிக்கெட் பற்றிய கட்டுரையில், ஐ.சி.சி. என்ற சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைமையகம் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்திலிருந்து துபாய்க்கு மாறியதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். வெள்ளைக்காரர் கையிலிருந்த அமைப்பு ஆசியாவுக்கு வந்தது சின்ன விஷயமா? ஐ.நா., உலக வங்கி எல்லாம் இப்படி இடம் மாறினால்தானே எல்லாப் பகுதிக்கும் நியாயமான பங்கு கிடைக்கும்?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

வேண்டுமென்றேதான் தாண்டினேன். 2005-ல் ஐ.சி.சி. துபாய்க்குப் போனதில் பெரிய பங்கு பிரிட்டனின் வரிக்கு உண்டு. ஆசியாவின் மேல் வந்த பாசம் என்று அதைச் சொல்ல முடியவில்லை. உலக வங்கியைப் பற்றிப் பேச எனக்கு ஞானம் போதாது, கிரிக்கெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1909-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் தொடங்கியபோது இதன் பெயரே இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வீட்டோ, அதாவது எந்த முடிவையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம், இருந்தது. அது போனது 1993-ல், ஆபீஸ் லார்ட்ஸில் இருக்கும்போதே.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்று எனக்கு இன்னும் பிடிக்கும். முதல் மூன்று உலகக் கோப்பைகளும் இங்கிலாந்தில்தான். ஓர் அணிக்கு 60 ஓவர். அங்கே கோடையில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஒரே நாளில் ஆடி முடித்துவிடலாம். 1987-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்தியபோது, இங்கே ஆறு மணிக்கே இருட்டிவிடுமே! சரி, பத்து ஓவரைக் குறை என்றார்கள். உலகக் கோப்பை 50 ஓவரானது நம்மூர்ப் பொழுது சாயும் நேரத்துக்காக. புதிதாக வந்தவனுக்காகப் போட்டியின் அளவே மாறியது. பங்கேற்பு என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் கென்யா. 2003 உலகக் கோப்பையில் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம் ஆடும் அந்தஸ்து இல்லாத அந்த அணி அரையிறுதிவரை வந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி நியூசிலாந்து நைரோபிக்கு வராததால் சில புள்ளிகள் சும்மா கிடைத்தன, உண்மைதான். ஆனால் அதே நைரோபியில் இலங்கையை 53 ரன்னில் வென்றதை யாரும் சும்மா கொடுக்கவில்லை. காலின்ஸ் ஒபுயா என்ற லெக் ஸ்பின்னர் 24 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அந்த வருடமே பெரிய அணிகள் கென்யாவோடு தொடர் ஆடத் தொடங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர்கள் வாரியத்துக்குள்ளேயே சண்டை இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் யார் யாரோடு தொடர் ஆடுவது என்பதை அந்தந்த வாரியங்கள்தான் தங்களுக்குள் பேசி முடிக்கின்றன. அதற்கு ஐ.சி.சி. ஆபீஸ் லண்டனில் இருந்தால் என்ன, துபாயில் இருந்தால் என்ன?

2014-ல் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து பணத்தையும் அதிகாரத்தையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன. அதே வருடம் ஐ.சி.சி. தலைவராக வந்தவர் நம் சென்னைக்காரர், சீனிவாசன். 2017-ல் அந்த ஏற்பாட்டைப் பிரித்தார்கள். ஆனால் 2024 முதல் 2027 வரைக்கான ஐ.சி.சி. வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு மட்டும் 38.5 சதவீதம், டெஸ்ட் அந்தஸ்து இல்லாத தொண்ணூற்றுச் சொச்சம் இணை உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்தே 11 சதவீதம்தான். சம்பாதித்துக் கொடுப்பது இந்தியச் சந்தைதானே என்பார்கள். ஆட்டத்தை உண்டாக்கியது நாங்கள்தானே என்று லார்ட்ஸ்காரர்களும் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்று. 2027 உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றும் நடத்துகின்றன. நடத்துகிற நாடுகள் என்பதால் முதல் இரண்டுக்கும் நேரடியாக இடம் உண்டு. நமீபியா முழு உறுப்பினர் இல்லை, இணை உறுப்பினர்தான். அதனால் மைதானம் கொடுத்தாலும், அந்த மைதானத்தில் ஆட அவர்கள் தகுதிச் சுற்றில் ஜெயித்துத்தான் வரவேண்டும்.