பரோலோ பிடிக்கவில்லை என்றால் நாக்கில் குறையா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் வீட்டு விருந்தில் பரோலோ என்ற இத்தாலிய ஒயினை ஊற்றினார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கோ வாயெல்லாம் கசந்து, நாக்கு வறண்டு போனதுதான் மிச்சம். அடுத்த மாதம் அதே ஆறு பேரை என் வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். நம் ஊர்ச் சமையல்தான். பெயர்பெற்ற ஒயினை வாங்குவதா? எனக்குப் பிடித்த லேசான ஒயினை வைத்தால் கேலி செய்வார்களா?

பதில்: உங்களை வறட்டியது கசப்பைவிடத் துவர்ப்பாகவே இருக்கும். இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் நெப்பியோலோ திராட்சையில் செய்வது பரோலோ. அந்தத் திராட்சையில் துவர்ப்பைத் தரும் டானின் மிகுதி. டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்பு போய், வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல் நாக்கை இழுத்துப் பிடிக்கும். போதாததற்குப் புளிப்பும் அதிகம். நிறம் வெளிறியிருப்பதைப் பார்த்து லேசான ஒயின் என்று நம்பிப் பெரிய மடக்காகக் குடிப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில், வைத்திருந்த பிறகே பரோலோவை விற்கலாம் என்பது இத்தாலிய விதி. விற்பனைக்கு வரும்போதும் அது பெரும்பாலும் முறுக்காகவே இருக்கும். நல்ல ஆண்டுச் சரக்கு இளகப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அன்று எந்த ஆண்டுப் புட்டியைத் திறந்தார்கள், எதனுடன் பரிமாறினார்கள் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். இளம் பரோலோவை வெறும் சிப்ஸோடு ஊற்றியிருந்தால் உங்கள் நாக்கின்மீது பழியில்லை. இறைச்சியோ சீஸோ கூட இருந்திருந்தால் துவர்ப்பு பாதி அடங்கியிருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்ததா என்றும் நினைத்துப் பாருங்கள். அது கார்க்கிலிருந்து இறங்கும் கெடுதல். சிலர் மூக்குக்குத் துளி போதும். சிலருக்குத் தெரியவே தெரியாது.

இவை எதுவும் இல்லையென்றால் உங்களுக்குப் பரோலோ பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இது உடம்போடு வந்த வேறுபாடாகக்கூட இருக்கலாம். பிரான்சின் வடக்கு ரோன் பகுதியில் சிரா என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின்களில் மிளகு மணம் வரும் என்பார்கள். அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். மிளகிலும் அதே சேர்மம்தான். அவர்கள் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டியும் அந்த மணம் எட்டவில்லை. ஒரே மேசையில் ஒருவர் மிளகை மெச்சும்போது பக்கத்தில் இருப்பவர் விழிப்பது நடிப்பல்ல. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்கு வயதானால் வரும் மண்ணெண்ணெய் வாடைக்கு ரசிகர்களும் உண்டு, கிண்ணத்தைத் தள்ளிவைப்பவர்களும் உண்டு. பிரான்சின் ஜூரா பகுதியில் ஈஸ்ட் படலத்தின் அடியில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் கிடக்கும் வேன் ஜோன் ஒயினில் சோட்டோலோன் என்ற சேர்மம் மணக்கும். வெந்தயத்துக்கு மணம் தருவதும் அதுவே. பிரெஞ்சுக்காரர்களே பலர் முகம் சுளிக்கும் அந்த ஒயின், வெந்தயக் குழம்பில் வளர்ந்த எனக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போயிற்று.

பழகிய நாக்குகளாவது ஒத்துப்போகுமா என்றால், அதுவும் இல்லை. கடும் வெயில் ஆண்டான 2003இன் ஷாத்தோ பவி என்ற பிரான்சின் போர்தோ பகுதி ஒயினைப் பீப்பாய் நிலையில் சுவைத்த அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100க்கு 100 வரை தரலாம் என்றார். இங்கிலாந்தின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 போட்டார். அவருக்கு அது பழுத்துத் தித்திக்கும் கேலிக்கூத்து. ஒயின் உலகம் இரண்டு கட்சியாகச் சண்டை போட்டது. மதிப்பெண் பார்த்து வாங்குவதானால், போட்டவரின் ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி உங்கள் விருந்து. காரச் சமையல் என்பதால் பரோலோவை நீங்கள் வாங்கவே வேண்டாம் என்பேன். டானினும் ஆல்கஹாலும் மிளகாயோடு சேர்ந்தால் எரிச்சல் கூடும். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் 'கபினெட்' என்று எழுதியதை எடுங்கள். இலேசான இனிப்பு, கூரான புளிப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 விழுக்காடுதான். லேபிளில் 'ட்ரோக்கன்' என்ற சொல்லும் இருந்தால் அதில் இனிப்பு இராது, அதை விட்டுவிடுங்கள். சிவப்பு ஒயினுக்கு, பரோலோவின் பக்கத்து வீடான பார்பெரா தால்பா. புளிப்பு உண்டு, துவர்ப்பு குறைவு, விலையும் பரோலோவுக்கு வெகு கீழே. பிரெஞ்சு ஒயின்தான் வேண்டுமென்றால் போஜொலே பகுதியின் ஃப்ளூரி என்ற சிவப்பு ஒயினை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து ஊற்றலாம். ரீஸ்லிங்கையும் இவற்றில் ஒரு சிவப்பு ஒயினையும் மேசையில் வைத்து அவரவரே ஊற்றிக்கொள்ள விடுங்கள். கேலிக்கு இடமே இராது. இவை மூன்றும் இத்துறையில் மதிப்புள்ள பெயர்கள்.

நண்பர் மறுபடியும் பரோலோவோடு வந்தால், அதைக் கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்றிக் காற்றாட விடுங்கள். மட்டன் தட்டுக்கு வரும்வரை யாருக்கும் ஊற்ற வேண்டாம்.