பத்தாயிரம் விளையாட்டுகள், ஐயாயிரம் ரூபாய்

கேள்வி: பழைய நின்டெண்டோ முதல் பிளேஸ்டேஷன் 2 வரையிலான 10,000 வீடியோ விளையாட்டுகளை உள்ளடக்கிய புதிய கையடக்கக் கருவி ஐயாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதாக விளம்பரம் பார்த்தேன். நம்பி வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பழைய நின்டெண்டோவை நம்பலாம், பிளேஸ்டேஷன் 2-ஐ நம்ப வேண்டாம். இந்த விலையில் வரும் கருவிகளில் பெரும்பாலும் கார்டெக்ஸ் ஏ53 போன்ற எளிய பிராசஸர்தான் இருக்கும். 1994-இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷனின் பிராசஸர் ஏறத்தாழ 34 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் இயங்கியது என்பதால், அதையும் அதற்கு முந்தையவற்றையும் எமுலேட்டர் (பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) மூலம் இயக்குவது இதற்குப் பெரிய சுமையன்று. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2-இலோ, மையப் பிராசஸரும் கணக்குகளைப் போடும் இரண்டு வெக்டர் அலகுகளும் தனி கிராபிக்ஸ் சிப்பும் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் இயங்கின. அத்தனையையும் மென்பொருளிலேயே நடத்திக்காட்டும் வலு இந்த விலைக் கருவிகளுக்குக் கிடையாது. விற்பவரிடம், ஒரு கார் பந்தய விளையாட்டை நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்ற ஃபிரேம் எண்ணிக்கை திரையில் தெரியும்படி, வெட்டி ஒட்டாத வீடியோவாகக் காட்டச் சொல்லுங்கள்.

10,000 என்ற எண்ணிக்கையும் ஐயத்துக்குரியதே. ஒரே விளையாட்டின் ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்புகள் தனித்தனியாக எண்ணப்படுவது வழக்கம். (தொண்ணூறுகளில் ‘9999 இன் 1’ கேசட்டைச் செருகி விளையாடியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.) அவற்றுக்கு உரிமம் பெறப்பட்டிருப்பதும் அரிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு மென்பொருளின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் தன் பயன்பாட்டுக்காகவும் பாதுகாப்புக்காகவும் நகலெடுக்க இடமளிக்கிறது. பிறர் நகலெடுத்து விற்பதற்கு அது பொருந்தாது.

விளம்பரம் பேசாத, ஆனால் நான் முதலில் பார்க்கும் விஷயம் திரை. 640x480 புள்ளிகள் கொண்ட திரையில், 320x240 அளவில் ஓடும் பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் சரியாக இரு மடங்காகி நிறைந்து நிற்கும். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் 240x160 படமோ அதில் முழு எண் மடங்கில் நிறையாது. ஒன்று சுற்றிலும் கறுப்பு விளிம்பு விடவேண்டும், அல்லது சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். 720x480 திரையில் அதே படம் துல்லியமாக மும்மடங்காகும். ஆகவே எந்த விளையாட்டு உங்களுக்கு வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே திரையைத் தேர்ந்தெடுங்கள்.

கருவியோடு வரும் பெயரில்லாத மெமரி கார்டு விரைவில் பழுதாகக்கூடும் என்பதால், நல்ல நிறுவனத்தின் கார்டு ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் என் செல்போனிலேயே செய்ய முடியாதா?
– அதே வாசகர்

பதில்: தாராளமாக முடியும். ரெட்ரோஆர்க் என்ற செயலி இலவசம். சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே முதல் பிளேஸ்டேஷன் வரை நன்றாக ஓடும். தனிக் கருவிக்குத் தரும் பணம் பட்டன்களுக்கான விலைதான். தொடுதிரையில் குதிப்பதும் சுடுவதும் உங்களுக்கு எரிச்சலூட்டாவிட்டால் அந்தச் செலவு தேவையில்லை.