கடற்கொள்ளையும் கப்பல் வேலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கப்பலில் சமையல் உதவியாளர் வேலைக்காக என் அக்காவின் மகன் கொழும்பு முகவர் ஒருவரிடம் பதிவு செய்திருக்கிறான். சோமாலியாப் பக்கம் கொள்ளையர் பிடித்துவிடுவார்கள் என்று தோட்டத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதெல்லாம் பழைய கதை என்கிறான் அவன். யார் சொல்வது சரி?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அம்மா. 1991இல் சோமாலிய அரசு சரிந்ததும் அதன் கடலைக் காக்க ஆளில்லாமல் போயிற்று; வெளிநாட்டு இழுவைப் படகுகள் மீனை அள்ளிச் சென்றதை எதிர்த்து ஆயுதமேந்தியதாகச் சொன்ன கூட்டங்கள், கப்பலையும் மாலுமிகளையும் பிடித்துவைத்துக் கப்பம் வாங்குவதையே தொழிலாக்கிக்கொண்டன. 2011ஆம் ஆண்டில் மட்டும் சோமாலியக் கொள்ளையர் நடத்தியவையாகச் சர்வதேச கடல்சார் பணியகம் கணக்கிட்ட தாக்குதல்கள் 237.

2008 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபை, சோமாலிய இடைக்கால அரசின் சம்மதத்துடன் பிறநாட்டுப் போர்க்கப்பல்கள் அந்நாட்டுக் கடலெல்லைக்குள் நுழைந்து கொள்ளையரைத் துரத்த அனுமதித்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அட்டலாண்டா’ கடற்படை நடவடிக்கை தொடங்கியது. நேட்டோவும், இந்திய, சீனக் கடற்படைகளும் வந்தன. ஆயினும் அவ்வளவு பெரிய கடலில் எல்லாக் கப்பல்களுக்கும் காவல் போட எந்தக் கடற்படையாலும் முடியாது. கப்பலைச் சுற்றி முட்கம்பிச் சுருள், வேகத்தைக் குறைக்காத ஓட்டம், ஆபத்து வந்தால் மாலுமிகள் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் அறை, ஆயுதக் காவலர் ஆகிய ஏற்பாடுகளுக்கும், பின்னர் தாக்குதல்கள் குறைந்ததில் கடற்படைகளுக்குச் சமமான பங்குண்டு என்பது என் கருத்து. அந்தக் காவலர்களில் பலர் நம் காலிக்கு அப்பாலுள்ள கடலில்தான் கப்பலேறினார்கள், இறங்கினார்கள்.

இருந்தும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. 2017 மார்ச்சில் எட்டு இலங்கையர் பணிபுரிந்த ‘ஆரிஸ் 13’ எண்ணெய்க் கப்பல் கடத்தப்பட்டு, சில நாட்களில் விடுபட்டது. 2023 டிசெம்பரில் பிடிக்கப்பட்ட ‘ரூவன்’ கப்பலை இந்தியக் கடற்படை மூன்று மாதங்களின் பின் மீட்டு, 17 மாலுமிகளை விடுவித்து, 35 கொள்ளையரைக் கைதுசெய்தது.

என்னைக் கேட்டால், கொள்ளையரைவிடப் பயப்பட வேண்டியது கைவிட்டுவிடும் கப்பல் முதலாளிக்குத்தான். 2010 நவம்பரில் பிடிபட்டு, முதலாளியால் கைவிடப்பட்ட ‘அல்பிடோ’ கப்பலில் இலங்கையரும் இருந்தனர். 2013இல் அது கொள்ளையரின் பிடியிலேயே மூழ்கியது. எஞ்சிய பதினொருவர் 2014 ஜூனில்தான், அதாவது மூன்றரை ஆண்டுகள் கழித்துத்தான், விடுதலையானார்கள். கடல்சார் தொழிலாளர் சமவாயத்தில் 2020 டிசெம்பர் முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, கொள்ளையரிடம் சிக்கிய மாலுமியின் ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும், அவர் விடுதலையாகி ஊர் திரும்பும்வரை சம்பளம் நிற்கக்கூடாது. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, கப்பலின் உரிமையாளர் யார், காப்புறுதி இருக்கிறதா, ஒப்பந்தத்தின் பிரதி வீட்டுக்குக் கிடைக்குமா என்று உங்கள் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு முகவர் மழுப்பினால் வேறு முகவரைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: செங்கடலில் யேமன் நாட்டு ஹூதிக் கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கியதும் கடற்கொள்ளைதானா? பாடசாலை விவாதப் போட்டிக்காகக் கேட்கிறேன்.
(மாணவன், பண்டாரவளை)

பதில்: சட்டப்படி அப்படிச் சொல்வது கடினம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 101ஆம் உறுப்புரைப்படி, தனிப்பட்ட நோக்கத்துக்காக, எந்த நாட்டின் ஆட்சிக்கும் உட்படாத கடலில், ஒரு கப்பலிலிருந்தோ வானூர்தியிலிருந்தோ வேறொரு கப்பல்மீது நடத்தும் வன்முறையே கடற்கொள்ளை. 2023 நவம்பரில் ஹெலிகொப்டரில் இறங்கி ‘கெலக்சி லீடர்’ கப்பலைப் பிடித்தவர்கள் சொன்ன நோக்கம் அரசியல்; அதனால் ‘தனிப்பட்ட நோக்கம்’ என்ற சொற்களில்தான் வாதம் முட்டிநிற்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடக்கும் கொள்ளையும் இந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. அது ‘கப்பல்களுக்கு எதிரான ஆயுதக் கொள்ளை’ எனப்படும், துரத்திப் பிடிக்கும் உரிமை கரைநாட்டுக்கே உண்டு. உண்மைக் கடற்கொள்ளையனையோ எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கைதுசெய்து, தன் நாட்டு நீதிமன்றத்திலேயே நிறுத்தலாம். எதிரணி மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையிலுள்ள மலாக்கா நீரிணையை உதாரணம் காட்டினால், அது இந்த 12 மைலுக்குள் நடந்ததா என்று கேளுங்கள்.