அந்தப் போன் கோலை இனி அவரே எடுக்கட்டும்

கேள்வி: கனடாவில், வன்கூவரில் இருக்கிறோம். என் கணவர் பதினெட்டு வருடமாக சிவில் உரிமை வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி. 'சன் சீ' அகதிக் கப்பலில் வந்த எங்கள் ஆட்களுக்காக அலைந்தவர். இப்போது ஒரு கட்சி அவரை மாகாணத் தேர்தலில் நிற்கச் சொல்கிறது. அரசியலுக்குப் போனால் ஆளே மாறிவிடுவார் என்று பயமாக இருக்கிறது. இப்போதே தினமும் கூட்டம். இரவில் வந்து சாப்பிடும்போது கட்சிக்காரர் தவிர யார் கோல் எடுத்தாலும், "அவர் இல்லை" என்று நான்தான் சொல்லி வைக்கிறேன். ஒரு அம்மா, மகன் குடிவரவுத் தடுப்பில் இருக்கிறானாம், இந்தக் கிழமை மட்டும் மூன்று தரம் எடுத்துவிட்டார். இவரைத் தடுக்க என்ன வழி?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: தங்கச்சி, அரசியலைப் பிறகு பார்ப்போம். அந்த அம்மாவுக்கு என்ன சொன்னீர்கள்? மூன்று தரம் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். உறுத்தாமலா எண்ணினீர்கள்?

தடுப்பில் வைத்தால், விடுவதா வைத்திருப்பதா என்று பார்க்கும் முதல் மீளாய்வு 48 மணி நேரத்துக்குள், அடுத்த 7 நாளுக்குள் இன்னொன்று, அதன்பின் 30 நாளுக்கு ஒரு தரம். இத்தனை வருடமாக உங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்ட கணக்குத்தானே இது? 2010 ஆகஸ்டில் 492 பேர் அந்தக் கப்பலில் வந்தபோது, குழந்தைகளோடு வந்த தாய்மார்கூட உள்ளே இருந்து இந்த முப்பது நாளைத்தான் எண்ணினார்கள். ஒரு மீளாய்வில் விடுதலை கிடைக்காவிட்டால் சாதாரணமாக இன்னும் ஒரு மாதம். அந்தத் தாய் சுகம் விசாரிக்கவா கோல் எடுக்கிறார்?

உங்கள் கணவர்மேல் எனக்கு இன்னும் கோபம். வழக்கை விடுகிற சட்டத்தரணி நேரகாலத்தோடு கட்சிக்காரருக்கு (அரசியல் கட்சிக்காரரைச் சொல்லவில்லை!) அறிவிக்க வேண்டும், கோப்பை அவரிடமோ அவர் சொல்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். உங்கள் மாகாணச் சட்டத்தரணிகள் சங்கத்தின் விதியே அதுதான். மனைவியை வாசலில் நிறுத்தச் சொல்லி அதில் எங்கும் இல்லை.

ஆள் மாறுவாரா என்றால், மாறலாம். டேவிட் ஈபியைப் பாருங்கள். உங்கள் மாகாணத்துச் சிவில் உரிமைச் சங்கத்தை நடத்தியவர். 2013இல், பதவியிலிருந்த முதல்வரை அவருடைய தொகுதியிலேயே தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். 2017இல் சட்டமா அதிபர், 2022இல் முதல்வர். 2024இல், போதைப் பழக்கத்தோடு மனநோயும் மூளைக்காயமும் உள்ளவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமலே சிகிச்சையில் வைக்கும் இடங்களைக் கூட்டுவதாக அறிவித்தார். அவர் இருந்த சங்கமே அதை எதிர்த்துப் பேசியது. துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கறிஞருக்கு முன்னால் ஒரு ஆள்தான் இருப்பார். முதல்வரிடம் அந்த ஆளின் தாயும் வருவார், அதே தெருவில் கடை வைத்திருப்பவரும் வருவார். ஆனால் ஈபி எழும்பிப் போன கதிரையில் வேறு ஒருவர் இருந்தார், அதனால்தான் அவரை எதிர்த்துக் கேட்க ஆள் இருந்தது. உங்கள் கணவர் விட்டுப்போகிற கதிரையில் இப்போது யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான், கையில் போனோடு.

புருஷனுக்கு மறைப்புக் கட்டுவதுதான் நல்ல மனைவிக்கு அழகு என்று எங்கள் அம்மாமார் சொல்லித்தந்தார்கள். எனக்கு அதில் ஒருநாளும் சம்மதம் இல்லை. அப்பா மேசையில் சோறு சாப்பிட, அம்மா "அவர் இல்லை" என்று சொல்வதை உங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் மாறிவிடுவார் என்று பயப்படுகிற நீங்கள், அதற்குள் எவ்வளவு மாறிவிட்டீர்கள் பாருங்கள்.

தேர்தலில் நிற்கட்டும், நான் தடுக்கச் சொல்லமாட்டேன். கையிலுள்ள ஒவ்வொரு கோப்பையும் யாரிடம் கொடுக்கிறார் என்று முதலில் சொல்லிவிட்டு நிற்கட்டும். அந்த அம்மாவின் இலக்கம் உங்கள் போனில் இருக்கும். இன்று இரவு சோறு போட முன் நீங்களே அழைத்து, போனை உங்கள் கணவர் கையில் கொடுங்கள். மகனின் அடுத்த மீளாய்வு எப்போது என்று அவர் கேட்கட்டும். பக்கத்தில் நின்று திகதியை எழுதிக்கொள்ளுங்கள்.